வாசலில் நின்ற பந்தல்

கோகிலவாணிக்கு மார்பில் இருப்பது கேன்சர்தான் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு அவள் அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை, பஸ் ஏறித் திருப்பூர் வந்து, இறங்கின இடத்திலேயே தக்காளி வாங்கி, வீட்டுக்குப் போய் ரசம் வைத்து, மகள் மிதுலாவுக்கு ஊட்டி, புருஷன் தண்டபாணிக்குத் தட்டு வைத்து, "என்ன சொன்னாங்க?" என்று அவன் கேட்டதற்கு "நாளைக்குச் சொல்றனுங்க, தூக்கமா வருது" என்று படுத்துக்கொண்டாள், மறுநாள் விடிந்து, பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது வாசலில் எழவுப் பந்தல் போட்டிருந்தது.

எழவுப் பந்தலுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் துணி ஒன்றுதான், கம்பி ஒன்றுதான், கட்டுகிற ஆளும் ஒருவன்தான். முன்னால் இரண்டு வாழை மரம் நின்றால் கல்யாணம். நிற்காவிட்டால் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டும். இந்தப் பந்தலில் வாழை இல்லை. வீதியின் அகலத்துக்குச் சாமியானாத் துணி, அதன் கீழே எதிரும் புதிருமாக நீல பிளாஸ்டிக் சேர்கள், மூலையில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் எவர்சில்வர் டிரம், டிரம்மில் எழவு வீட்டில் கொடுக்கிற பால் ஊற்றாத வரக்காப்பி, ஆவி பறக்க. கோகிலாவுக்கு ஆச்சரியம் என்று ஒன்றும் வரவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்தது இப்போது வெளியே வந்து நிற்கிறது, அவ்வளவுதான் என்று பட்டது.

அது லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழே வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், அத்தனை குடும்பமும் பனியன் கம்பெனிக்குப் போகிற குடும்பம். பக்கத்து அறை ராஜாமணியக்கா தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வந்தவள் பந்தலைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து கோகிலாவைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ, ஆரு அம்மிணி? தண்டபாணிக்கா? என்னாச்சு சாமி?"

கோகிலா நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "நாந்தானுங்க்கா. மார்ல கட்டி. கேன்சராம்."

கதவுக்குப் பின்னால் லுங்கியை இறுக்கிக்கொண்டிருந்த தண்டபாணிக்கு விஷயம் அப்படித்தான் தெரிந்தது. அவனிடம் தனியாக, கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாளே, அத்தனையும் வீணாகப் போய், வாய் நிறைய நுரையோடு வீதிக்கே சொல்லும்படி ஆகிவிட்டது. அதற்காக அந்தப் பந்தல் மேல் அவளுக்கு வந்த கோபம் நோயின் மேல்கூட வரவில்லை.

முதலில் வந்து சேர்ந்தவர் அந்த வட்டாரத்துக்கே பந்தல் போடுகிற நாச்சிமுத்து. தன் ஏரியாவில் தனக்குத் தெரியாமல் எவன் கம்பி ஊன்றினான் என்று சண்டைக்கு வந்தவர், ஒவ்வொரு சேராகக் கவிழ்த்து முதுகைப் பார்த்தார். எந்தக் கடைச் சேராக இருந்தாலும் முதுகில் கடையின் பேர் பெயிண்டில் இருக்கும், இதில் ஒன்றிலும் இல்லை. கம்பியை ஆட்டிப் பார்த்தார், கட்டை அவிழ்த்துப் பார்த்தார், கடைசியில் ஒரு டம்ளர் வரக்காப்பி குடித்துப் பார்த்தார்.

"கட்டு நம்ம கட்டாட்டமே இருக்குது. ஆனா நாங் கட்டல," என்றார்.

தண்டபாணி பந்தலைப் பிரித்தான். மினி லாரி ஓட்டுகிறவன் அவன், குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற அந்த வண்டி. கம்பியையும் துணியையும் சேர்களையும் அதில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே காட்டில் கொட்டிவிட்டு வந்தான். மறுநாள் விடிந்தால் பந்தல் அப்படியே நின்றது, டிரம்மில் காப்பி புதுசாகச் சுட்டது. மறுபடியும் பிரித்தான், மறுபடியும் நின்றது. அவன் பிரிக்கப் பிரிக்க அது நிற்க, கடைசியில் ஒருநாள் காலையில் கட்டை அவிழ்க்கக் கையைத் தூக்கியவன், கையை அப்படியே இறக்கி, மகளின் ஈர யூனிபாரத்தைப் பிழிந்து பந்தல் கயிற்றில் காயப்போட்டுவிட்டு வண்டி எடுக்கப் போய்விட்டான். அழத் தெரியாத மனுஷன். அழுவதற்குப் பதிலாக அவன் செய்தது அதுதான் என்று கோகிலா எடுத்துக்கொண்டாள்.

பிறகு வீதி அந்தப் பந்தலுக்குப் பழகியது. எதற்குத்தான் பழகாது அந்த வீதி? சாயப்பட்டறைத் தண்ணீர் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் சாக்கடையில் ஓடுவதற்குப் பழகின வீதி. வெயில் ஏற ஏற ஸ்கூட்டர்களைப் பந்தலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீட்டில் இருந்தபடியே தைத்த பனியனில் பிசிறு வெட்டுகிற பெண்கள் மூட்டையோடு வந்து சேர்களில் உட்கார்ந்து வெட்டினார்கள், வெட்டின நூல்பிசிறு காற்றில் பறந்து காப்பி டம்ளரில் விழுந்தது. சிலிண்டர் கொண்டு வருகிறவன் நிழலில் கொஞ்ச நேரம் கண் அசந்தான். அடுத்த வீதியில் பெரியவளான ஒரு பெண்ணுக்கு நடந்த சீருக்குச் சேர் பற்றாமல் போய் இங்கிருந்து தூக்கிப்போனார்கள், எழவுச் சேர் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, திருப்பிக் கொண்டுவரும் சிரமமும் இல்லை, விடிந்தால் சேர்கள் தாமாக வரிசைக்கு வந்துவிட்டன. மாநகராட்சியிலிருந்து வழியை அடைத்திருக்கிறது என்று அதட்ட வந்த ஆள்கூட, எழவுப் பந்தல் என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போனான்.

மாரியாத்தா மட்டும் பழகவில்லை. வருஷா வருஷம் அந்த வீதிக்குள் வருகிற அம்மன் சப்பரத்தை இந்த வருஷம் மேற்கு வீதி வழியாகத் திருப்பிவிட்டார்கள், எழவு விழுந்த வீதிக்குள் சாமி வராது என்று. கோகிலா தட்டில் தேங்காய் பழத்தோடு வாசலில் நின்று, மேளச் சத்தம் கிட்டத்தில் வந்து, வளைந்து, தூரத்தில் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீதிக்காரர்கள் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்கு நெஞ்சை அறுத்தது.

கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லர். அவள் மிஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள்; ஸ்டூலில் கோகிலா போட்டு வைத்திருந்த பழைய தலையணையை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள், திரும்பி வந்தால் கேட்டு வாங்கிக்கொள் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. தையல் லைனில் கூட வேலை செய்த பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பலாக ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிப்போய், சேர்களில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கோகிலா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "தங்கமான புள்ள, ஒரு வார்த்த அதிர்ந்து பேசமாட்டா" என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி எழுந்தாள், பின்னாலேயே மற்றவர்கள் எழுந்தார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்கள். தினம் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பிரியும்போது "வர்றேன் கோகிலா, வர்றேன் கோகிலா" என்று கத்திக்கொண்டு ஓடுகிறவர்கள், அன்றைக்கு ஒருத்திகூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

எழவு வீட்டு வழக்கம் அது. வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடக் கூடாது, போகிறவர்கள் போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. எழவு வீட்டில் வர்றேன் என்று சொன்னால் வருவதற்கு அங்கே இன்னொரு எழவு விழ வேண்டுமே. அதனால் சத்தமில்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய், வீட்டுக்குள் நுழையும் முன்பு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். சின்ன வயசிலிருந்து காலிலும் நாக்கிலும் ஊறின பழக்கம். பந்தலைக் கண்டதும் கால் தானாக எழுந்தது, நாக்கு தானாக மடங்கியது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கோகிலா சொன்னாள். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

ராஜாமணியக்கா தினமும் காலையில் ஒரு தட்டில் இட்லியோ உப்புமாவோ கொண்டு வருவாள். "ரத்தம் ஏறோணும், தின்னு அம்மிணி" என்று பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவாள். ரத்தம் குறைவாக இருக்கிறது, கொஞ்ச நாள் வீட்டில் இருந்து தேற்றிக்கொண்டு வா, அப்புறம்தான் ஆபரேஷன், இடது மார்பை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அக்கா போன கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். சளக், சளக் என்று தலைக்கு. தன் கையால் சாப்பாடு கொடுத்து, தன் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, பிறகு தன்னைக் கழுவிக்கொள்கிறாளே என்று நினைக்கும்போது கோகிலாவுக்குத் தின்ற இட்லி கசக்கும். ஆனாலும் மறுநாள் தட்டு வரும், இவளும் தின்பாள்.

ஒருநாள் மத்தியானம் வழியில் போன ஒரு பெரியவர் பந்தலைப் பார்த்து மொபெட்டை நிறுத்தினார். யார் எவர் என்று தெரியாவிட்டாலும் எழவு வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்கிற நல்ல மனுஷர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் உள்ளே வந்து, காப்பி பிடித்துக்கொண்டு, கோகிலாவுக்குப் பக்கத்துச் சேரில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"ஆரும்மா தவறுனது?"

"நானுங்க," என்றாள் கோகிலா.

அவர் தலையை ஆட்டினார். "எத்தன வயசு?"

"முப்பத்திரண்டுங்க."

"அடடா. சின்ன வயசு. கொழந்த குட்டி?"

"ஒரு பொம்பளப் புள்ளைங்க. யூகேஜி படிக்கறா."

"அந்தப் புள்ளைய நெனச்சாத்தான்," என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோகிலாவும் துடைத்துக்கொண்டாள். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லாமல் எழுந்து போனார். இத்தனை நாளில் தன்னோடு நேர்மையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

தாராபுரத்திலிருந்து தண்டபாணியின் அக்கா சகுந்தலா வந்தாள். புருஷனின் அக்காவை அந்தப் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவார்கள். குழந்தை இல்லாதவள்; கெட்டவள் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் கோகிலா சண்டை போட்டிருப்பாள். நங்கை வந்த நாளிலிருந்து அடுப்பு அவள் கையில், துவைக்கிற கல் அவள் கையில், மிதுலாவின் ஜடை அவள் கையில். மூன்று புது கவுன் வாங்கி வந்திருந்தாள், எல்லாம் குழந்தைக்கு ஒரு சுற்றுப் பெரிசு. வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்றாள். அடுத்த வருஷம் அந்தக் கவுன்களை யார் போட்டுவிடப் போகிறார்கள் என்று நங்கை மனசில் கணக்குத் தெளிவாக இருந்தது கோகிலாவுக்குப் புரிந்தது.

ஒருநாள் உள்ளே படுத்திருந்தவளுக்குப் பந்தலில் அக்காவும் தம்பியும் பேசுவது காதில் விழுந்தது.

"ஆபரேசனன்னைக்கே நாங் கூட்டிட்டுப் போயர்றேன். பள்ளிக்கோடம் அங்கயே சேத்தலாம். இப்பவே பழகிக்கட்டும், தண்டபாணி. பொறகு திடீர்னுன்னா புள்ள தாங்காது."

தண்டபாணி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "செரிக்கா," என்றான்.

கோகிலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மார்பை எடுக்கப் போகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னபோதுகூடத் தக்காளி வாங்கி வந்து ரசம் வைத்தாள். இப்போது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். செத்தால்கூடத் தேவலை, உயிரோடு இருக்கும்போதே பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று பொருமினாள். ஆனால் எழுந்து போய்க் கேட்கவில்லை. கேட்டால் நங்கை என்ன சொல்வாள்? பந்தலைக் காட்டுவாள்.

மிதுலாவும் மாறிக்கொண்டு வந்தாள். அவள் முன்பெல்லாம் எப்படி? அம்மா வேலைக்குப் போன காலத்தில் காலையில் இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவார்கள். ஸ்டாப்பில் கம்பெனிக் கூட்டம் அம்மும். கோகிலா மகளை முதலில் ஏற்றிவிட்டுவிடுவாள். அந்தக் குட்டிப் பிசாசு பெரியவர்கள் காலுக்கு நடுவில் புகுந்து ஓடி, ஒரு காலி சீட்டில் தன் ஸ்கூல் பையைப் போட்டு, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டு, எவன் வந்து எப்படி அதட்டினாலும் "ஆளு வருது" என்பாள். "எந்த ஆளு பாப்பா?" "ஆளு வருது." அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது, கோகிலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து உட்காருகிற வரைக்கும் அந்தச் சீட்டைக் கலெக்டர் வந்தாலும் பிடுங்க முடியாது. ஸ்கூல் கேட்டில் இறங்கி "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லி, பத்தடி ஓடி, திரும்பி வந்து மறுபடி சொல்லி, வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும்போது சந்து வழியாக வாயை வைத்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இப்போது அப்பாவின் குட்டியானையில் ஸ்கூலுக்குப் போகிறாள். நங்கை ஜடை பின்னி, பையை மாட்டி, பந்தல் வழியாகக் கூட்டிப் போய் வண்டியில் ஏற்றிவிடுவாள். கோகிலா வாசற்படியில் நிற்பாள். மிதுலா முன்னால் பார்த்துக்கொண்டே போவாள். திரும்பமாட்டாள், கை ஆட்டமாட்டாள், வாயைத் திறக்கமாட்டாள். முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தாள் கோகிலா. அடுத்த நாள் கோபம் என்று நினைத்தாள். அப்புறம் நினைக்க ஒன்றும் இல்லாமல் போய், பிள்ளை இப்பவே பழகிக்கொண்டாள் என்று தெரிந்துகொண்டாள். ஊரெல்லாம் சொல்லாமல் போனது வேறு. தான் பெற்றது சொல்லாமல் போகிறதே என்று அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது. அன்றிலிருந்து ரத்தம் ஏற டாக்டரம்மா சொன்ன கீரையும் தின்னவில்லை, பேரீச்சம்பழமும் தின்னவில்லை. ராஜாமணியக்காவின் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், நங்கை துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, கோகிலா மகளை மடியில் இழுத்துப் பேன் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏஞ்சாமி, அம்மா மேல கோவமா?"

"இல்ல."

"பொறகேன் அம்மாகிட்டச் சொல்லாமயே ஸ்கூலுக்குப் போற?"

மிதுலா அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அத்தை சொன்னாங்க. பந்தல் இருக்கற வூட்ல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதாம். சொன்னா எழவு வுழுந்துருமாம்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "நான் மனசுக்குள்ள சொல்லுவேன். அதுவும் தப்புன்னு பாதியில நிறுத்திக்குவேன்."

அம்மா செத்துவிடக் கூடாது என்று இந்த வாண்டு இத்தனை நாளாக வாயை இறுக்கி மூடிக்கொண்டு போயிருக்கிறது. பிள்ளை பழகிக்கொண்டாள் என்று நினைத்துச் சோற்றைத் தள்ளி வைத்தோமே என்று கோகிலாவுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மகளின் தலையைப் பிடித்து வலது மார்போடு அணைத்துக்கொண்டாள். இடது பக்கம் தொட்டால் வலித்தது.

பக்கத்து அறைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "அக்கோவ், உப்புமா மிச்சமிருக்குதுங்ளா?"

ராஜாமணியக்கா தட்டோடு ஓடி வந்து, தின்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போனாள். கோகிலா பழக்கத்தில் சுவரோரம் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கவில்லை. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதும் உண்மைதான்; எது காரணம் என்று அவள் ஆராயப் போகவில்லை.

மறுநாள் காலையில் பந்தல் நிறைந்திருந்தது. லைன் வீட்டுக்காரர்கள், பிசிறு வெட்டுகிற பெண்கள், வேலைக்குப் போகும் வழியில் கம்பெனிப் பெண்கள், நாச்சிமுத்து எல்லாரும் வந்து சேர்களில் உட்கார்ந்திருந்தார்கள். டம்ளர்கள் கை மாறின. அத்தனை நாளும் வெறும் நிழலாக இருந்த பந்தல் அன்றைக்குத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்ட மாதிரி இருந்தது. தண்டபாணி குட்டியானையைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தி, முன்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நங்கை ஒரு கையில் பையும் ஒரு கையில் மிதுலாவுமாக நின்றாள், பஸ் ஸ்டாண்டு வரை அதே வண்டியில் போய்ப் பிரிந்துகொள்ளலாம் என்று. பிள்ளையின் புதுக் கவுன் முழங்காலுக்குக் கீழே வரை தொங்கியது.

கோகிலா வாசற்படி இறங்கி வந்தாள். நங்கையின் முன்னால் நின்றாள்.

"நங்கை, புள்ள எங்கயும் வரல. இங்கதான் இருப்பா."

"என்ன கண்ணு சொல்ற? இந்தப் பந்தல் நிக்கற வூட்லயா?"

"பந்தல் என்ர பந்தலுங்க. புள்ளயும் என்ர புள்ள." குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "நீங்களும் இங்கயே இருங்க. நீங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம். நான் வந்த பொறகு எல்லாருஞ் சேந்து தாராபுரம் போலாம்."

நங்கை தம்பியைப் பார்த்தாள். தண்டபாணி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். பிறகு வந்து அக்காவின் கையிலிருந்த பையை வாங்கி, வீட்டுக்குள் கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான். நங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான் என்ன, ஆசை இல்லையா, பாவம்.

கோகிலா மகளின் முன்னால் குனிந்தாள். அவள் வாயைத் திறந்ததுமே மிதுலாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதம்மா."

கோகிலா அந்தக் கைகளை மெதுவாக எடுத்தாள். எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பந்தலில் டம்ளர்கள் அப்படியே நின்றன. எந்தப் பந்தலிலும் யாரும் சொல்லாத வார்த்தையை, பிறந்ததிலிருந்து அந்த ஜனங்கள் சொல்ல அஞ்சின வார்த்தையை அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் போயிட்டு வர்றேன்."

ராஜாமணியக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து தலைக்கு மேலே துணியைப் பார்த்தார், அது கிழிந்து விழப் போகிறதா என்று பார்ப்பது மாதிரி. துணி கிழியவில்லை, கம்பி அசையவில்லை, பந்தல் பாட்டுக்கு நின்றது. வருவாளா என்று கோகிலாவுக்கே தெரியாது. டாக்டரம்மாவும் உறுதி சொல்லவில்லை, கத்தி வைத்துப் பார்த்தால்தான் எதுவரை போயிருக்கிறதென்று தெரியும் என்றுதான் சொல்லியிருந்தாள். இருந்தாலும் சொல்லியாகிவிட்டது.

மிதுலா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதிலுக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கோகிலா அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தண்டபாணி சாவியைத் திருகினான். குளிர்ந்து கிடந்த வண்டி இருமியது, அணைந்தது. மறுபடி திருகினான்.

பக்கக் கண்ணாடியில் கோகிலா பார்த்தாள். மிதுலா வீட்டுக்குள் ஓடினாள். ஸ்கூல் பையோடு வெளியே ஓடி வந்தாள். பெரியவர்களின் கால்களுக்கு நடுவில் புகுந்து, கவுன் தடுக்கி விழப்போய்ச் சமாளித்து, முன்வரிசையில் வீட்டு வாசலைப் பார்த்த மாதிரி காலியாக இருந்த சேரில் பையைத் தூக்கிப் போட்டாள். பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் வீதியோடு போன எவனோ ஒருவன் பந்தலைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, உட்கார இடம் தேடி அந்தச் சேரண்டை வந்து நின்றான். அவன் குனிந்து, எழவு வீட்டுக்கென்று இருக்கிற அந்தத் தணிந்த குரலில் குழந்தையிடம் கேட்டான்.

"பையை எடு பாப்பா, உக்காந்துக்கறேன். ஆரு தவறுனது?"

"ஆருந் தவறல," என்றாள் மிதுலா, பையின் மேலிருந்து கையை எடுக்காமல். "ஆளு வருது."